ஷேர் ஆட்டோவில் அடங்குகிற கூட்டம்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக வருகிறேன். அயர்லாந்துக் கவிதை ஜார்ஜிய மொழிக்குப் போனது ஜார்ஜியாவின் அரசியலுக்கும் உரம் என்பது எங்கள் அணி, வெறும் இலக்கிய அலங்காரம் என்பது எதிரணி. ஜார்ஜியா என்றதும் அமெரிக்காவில் தேடாதீர்கள், இது கருங்கடல் ஓரம், தலைநகர் திபிலிசி.

எதிரணி நண்பர், "அந்தக் கவிதைகளைப் படிக்கிறவர்கள் மொத்தமும் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுவார்கள்" என்றார். எல்லோரும் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன், நன்றாகத்தானே இருந்தது!

அதற்கு வருகிறேன், முதலில் ஒரு கதை. அயர்லாந்தின் டப்ளின்காரர் தாமஸ் மூர் 1818இல் மாலை மணியோசையைப் பற்றி ஒரு பாட்டு வெளியிட்டார். சில வருஷத்தில் கஸ்லோவ் என்ற கவிஞர் அதை ரஷ்ய மொழிக்குக் கொண்டுபோக, அது அங்கே பிய்த்துக்கொண்டு ஓடியது. பாட்டன் காலத்து நாட்டுப்பாட்டு என்றே பல ரஷ்யர்கள் நினைக்கிறார்கள், அயர்லாந்துச் சரக்கு என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். சரி, இதோடு முடிந்ததா? இல்லையே! ஜார்ஜியாக்காரர் எழுந்து, "ரெண்டு பேரும் உட்காருங்கய்யா, அது எங்களுடையது" என்கிறார். 11ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டு ஆதோஸ் மலை மடத்தில் இருந்த கியோர்கி என்ற ஜார்ஜியத் துறவியின் பாட்டுதான் மூருக்கு மூலம் என்று ஒரு பேச்சு. எங்கே அந்த மூலம், காட்டு என்றால் காட்ட ஆளில்லை! எழுதியவர் ஒருவர், அனுபவிக்கிறவர் ஒருவர், பட்டா கேட்கிறவர் இன்னொருவர். நடுவர் அவர்களே, வெறும் அலங்காரத்துக்கு யாராவது பட்டா கேட்பார்களா?

இப்போது அந்த ஆட்டோ. 1937இல் ஜார்ஜியா சோவியத் யூனியனுக்குள், ஸ்டாலின் ஆட்சி, அவரும் ஜார்ஜியர்தான். கவிஞர் திட்சியான் தபிட்ஸேயைப் பிடித்துச் சுட்டார்கள். அவர் நண்பர் பாவ்லோ யாஷ்விலி எழுத்தாளர் சங்கக் கட்டடத்திலேயே தன்னைச் சுட்டுக்கொண்டார். கவிதைக் கூட்டம் ஓர் ஆட்டோ அளவுதான் என்றால் அதை மறிக்க எதற்கு இத்தனை துப்பாக்கி? அப்புறம் டப்ளின் எழுத்தாளர் ஜாய்ஸின் 'யுலிசீஸ்', அது நாவல், கவிதைக் கணக்கில் சேராது, ஆனாலும் சொல்கிறேன். கியாசாஷ்விலியின் ஜார்ஜிய மொழிபெயர்ப்பு 1983இல் முழுதாக வந்துவிட்டது, ரஷ்ய மொழியில் முழுதாக வர 1989 ஆனது. மாஸ்கோ வழியாகத்தான் உலகம் வரும் என்றிருந்த காலத்தில் டப்ளின் நேராகத் திபிலிசியில் வந்து இறங்கியதே, இது அரசியல் இல்லையா? ஜார்ஜிய மொழியின் ஆட்சிமொழித் தகுதியை சோவியத் அரசு எடுக்கப் பார்த்தபோது, 1978 ஏப்ரல் 14 அன்று, ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கித் தடுத்தார்கள். ஆட்டோ நிறைந்துவிட்டது நண்பரே!

கடைசியாக ஒன்று. அயர்லாந்தில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சிக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டவர்களை அந்நாட்டுக் கவிஞர் யேட்ஸ் தன் கவிதையில் பெயர் சொல்லி அழைக்கிறார். மெக்டோனா, மெக்பிரைட், கானலி, பியர்ஸ். பெற்றவள் பிள்ளையின் பெயரைச் சொல்வதைப் போல நாம் சொல்ல வேண்டும் என்கிறார். ஜார்ஜியாவில் மரோ மகாஷ்விலி என்று ஒரு பெண், கவிஞர் கோட்டே மகாஷ்விலியின் மகள், இருபது வயதுகூட நிரம்பவில்லை. 1921 பிப்ரவரியில் ரஷ்யக் கம்யூனிஸ்டுகளின் செஞ்சேனை படையெடுத்து வந்தபோது காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளப் போனவள், பிணமாகத்தான் திரும்பினாள். திபிலிசியின் ருஸ்தவேலி வீதியில் ஒரு தேவாலய முற்றத்தில் புதைத்தார்கள். பிறகு அந்தத் தேவாலயத்தையே இடித்து அரசாங்கக் கட்டடம் எழுப்பினார்கள். அதே கட்டடத்தின் முன்னால்தான் 1989 ஏப்ரல் 9 அன்று சோவியத் ராணுவம் கூட்டத்தில் பாய்ந்தது. 21 பேர் போனார்கள், பெரும்பாலும் பெண்கள்.

அந்த 21 வீடுகளில் ஒரு வீட்டுத் தாயிடம் யேட்ஸின் அந்த வரிகளை அவள் மொழியில் படித்துக் காட்டிவிட்டு, இது அலங்காரம் அம்மா என்று எதிரணி நண்பர் சொல்லட்டும், நான் தோற்றதாக ஒப்புக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.