பிரேக் பிடிக்க ஆள் இல்லாத மலை ரயில்: லுசெர்ன் ஏரியிலிருந்து பிலாட்டஸ் உச்சிக்கு ஒரு நாள்

அனைவருக்கும் வணக்கம். சுவிட்சர்லாந்தின் லுசெர்ன் நகரில் ஏரிக்கரையோரப் படகுத்துறையில் நின்றுகொண்டு பேசுகிறேன். எதிரே தெரியும் கரடுமுரடான மலைதான் பிலாட்டஸ். படகில் ஆல்ப்நாக்ஸ்டாட் என்னும் கரையோர ஊருக்குச் சென்று, அங்கிருந்து பற்சக்கர ரயிலில் உச்சியை அடைந்து, மறுபக்கமாகக் கம்பிவட ஊர்தியில் இறங்கி, மாலைக்குள் இதே நகருக்குத் திரும்புவது இன்றைய திட்டம். சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருப்பவர்களுக்குப் படகில் தனிக் கட்டணம் இல்லை. மலை ரயிலுக்குப் பாதிக் கட்டணம். பனிக்காலத்தில் இந்த ரயில் ஓடாது என்பதால், வர விரும்புபவர்கள் கோடையில் வாருங்கள்.

படகுப் பயணம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். ஆல்ப்நாக்ஸ்டாட்டில் இறங்கியதும் கூட்டம் பயணச்சீட்டு வாங்கும் இடத்துக்கு விரைந்தது. நான் தண்டவாளத்தைப் பார்க்கப் போனேன். என் அப்பா மேட்டுப்பாளையம்–உதகை மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக, அதாவது பெட்டிக்கு ஒருவராக நின்று கையால் பிரேக் பிடிப்பவர்களில் ஒருவராக, வேலை செய்து ஓய்வு பெற்றவர் என்பதைப் பழைய காணொளிகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். நீலகிரிப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பதித்திருக்கும் பல்சட்டங்கள் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறைப்படி அமைந்தவை. குன்னூரில் நான் பார்த்து வளர்ந்த பழைய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களும் இந்த நாட்டின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவைதாம். ஆகவே, இங்கே எனக்குப் பாதி தெரிந்த ஒன்றையே காணப்போகிறேன் என்று எண்ணியிருந்தேன்.

ஆனால் இந்தச் சட்டம் வேறு. நம் ஊரில் பற்கள் வானத்தைப் பார்த்து இருக்கும். எஞ்சினின் பற்சக்கரம் மேலிருந்து அவற்றைக் கவ்வும். இங்கோ பற்கள் சட்டத்தின் இடப்பக்கமும் வலப்பக்கமுமாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. வண்டிக்கு அடியில் படுக்கைவாட்டில் இருக்கும் பற்சக்கரங்கள் இணை இணையாக, இரண்டு உள்ளங்கைகளால் ஒரு கயிற்றைப் பற்றுவது போல, அந்தச் சட்டத்தை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கின்றன. அதற்குக் காரணம் சரிவுதான். நீலகிரிப் பாதையின் மிகச் செங்குத்தான பகுதியில் 12 அடி முன்னே சென்றால் 1 அடி உயரம் ஏறுவோம். இங்கே அதிகபட்சச் சரிவு 48 சதவீதம், அதாவது 2 அடிக்குக் கிட்டத்தட்ட 1 அடி ஏற்றம். இத்தகைய சரிவில் மேலிருந்து கவ்வும் சக்கரம் பல்லை விட்டு எழும்பிவிடும் ஆபத்து உண்டு என்பதை உணர்ந்த எடுவார்ட் லோஹர் என்ற பொறியாளர், சக்கரத்தைப் படுக்கவைத்து, வண்டி மேலே எழும்பாதபடி பற்களுக்குக் கீழே ஒரு விளிம்பையும் சேர்த்தார். பாதை 1889-இல் திறக்கப்பட்டது. 1937-இல் நீராவி போய் மின்சாரம் வந்தது. உலகிலேயே மிகச் செங்குத்தான பற்சக்கர ரயில் இன்றும் இதுதான்.

வண்டிக்குள் பெட்டி படிக்கட்டு போல் அடுக்கடுக்காக இருக்கிறது. புல்வெளியும் காடும் முடிந்து, சாம்பல் நிறப் பாறைச் சுவரை ஒட்டி வண்டி ஊர்ந்தபோது, கீழே ஏரி ஒரு வாழையிலை அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. ஏறத்தாழ 4.6 கிலோமீட்டர் தூரத்தில் 1,600 மீட்டருக்கும் மேல் உயர்கிறோம். பேசிக்கொண்டே வந்தவர்கள் அந்த இடத்தில் அமைதியானார்கள்.

உச்சி நிலையம் 2,073 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து பத்து நிமிடம் படியேறினால் 2,118 மீட்டர் உயரமுள்ள ஏசல் சிகரம். மஞ்சள் அலகும் சிவப்புக் கால்களும் கொண்ட மலைக்காகங்கள் கைப்பிடிக் கம்பியில் வந்து அமர்ந்து, என் கையிலிருந்த ரொட்டியைத் தலைசாய்த்துப் பார்த்தன.

இந்த மலை ஒரு காலத்தில் ஏறக்கூடாத மலையாக இருந்தது. இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய பிலாத்துவின் உடலை எந்த ஆறும் ஏற்காமல், கடைசியில் இங்குள்ள சிறு குளத்தில் போட்டார்கள் என்றும், அதைக் கலக்கினால் புயல் எழும் என்றும் மக்கள் நம்பினார்கள். தடையை மீறி ஏற முயன்றதற்காக 1387-இல் ஆறு குருமார்கள் தண்டிக்கப்பட்டனர். 1585-இல் லுசெர்ன் நகரப் பங்குத்தந்தை ஊராருடன் ஏறிச் சென்று, குளத்தில் கல்லெறிந்து, பிலாத்துவின் ஆவியை அறைகூவி அழைத்தார், எதுவும் நடக்கவில்லை. அந்த முதல் கல்லை எறிந்த கையின் துணிவை நினைத்துக்கொண்டு நான் வெகுநேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். சிறு வயதில், கல்லாறு தாண்டி ஏறும் ரயிலில், பெட்டியின் முகப்பில் கொடியும் பிரேக்குமாக நின்ற அப்பாவின் முதுகு நினைவுக்கு வந்தது.

இறக்கத்தில் கம்பிவட ஊர்தியும், பிறகு சிறு கூண்டு ஊர்தியும் கிரியென்ஸ் வரை கொண்டுவந்து விட்டன; அங்கிருந்து பேருந்து. மாலை வெயிலில் லுசெர்னின் மரத்தாலான காப்பல் பாலத்தில் நடந்தேன். 1993 ஆகஸ்ட்டில் தீப்பற்றி எரிந்து, அதன் 17-ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் பெரும்பகுதி அழிந்த பாலம் இது. கூரையடியில் தப்பிய ஓவியங்களுக்கு இடையே வெறுமையாக விடப்பட்ட இடங்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

பாலத்தில் நின்றபடியே அப்பாவுக்கு வீடியோ அழைப்பில் பேசி, தண்டவாளத்தை எடுத்த காட்சியைக் காட்டினேன். மேட்டுப்பாளையத்தில் இரவு மணி ஒன்பதரை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். "பொட்டிக்குப் பொட்டி பிரேக் யார் புடிக்கிறாங்க?" என்று கேட்டார். ஓட்டுநர் ஒருவர்தான், வேறு ஆள் கிடையாது என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், "அந்தப் பல்லை இன்னொரு தடவை காட்டு சாமி" என்றார்.