தளபதி வந்தாள்

நேயர்களுக்கு வணக்கம்.

பெண்கள் எழுதிய அறிவியல் கதைகளைப் பற்றி வானொலியில் பேச எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் தயாரிப்பாளர், "மூன்று நிமிடம் மிச்சம் இருக்கும்போது விரலைக் காட்டுவேன், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். என்னைப் பற்றி யாரோ முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

சரி. நீங்கள் யாருக்கோ போன் செய்கிறீர்கள். அவர் எடுக்கவில்லை. "நீங்கள் தொடர்புகொண்ட நபர் இப்போது வேறொரு அழைப்பில் இருக்கிறார்" என்று ஒரு குரல் பொறுமையாகச் சொல்கிறது. யாருடைய குரல் அது? லிஃப்ட்டில் "கதவு மூடுகிறது" என்று சொல்வது யார்? காரில் "இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்று வழிகாட்டி, நாம் திரும்ப மறந்தாலும் கோபித்துக்கொள்ளாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது யார்? பெரும்பாலும் பெண் குரல்தான். இயந்திரத்துக்கு ஆண் பெண் கிடையாது, நம் இலக்கணத்தில் அது அஃறிணை. ஆனாலும் பணிவாகப் பதில் சொல்கிற வேலை என்று வந்ததும் அதற்குப் பெண் குரல் பொருத்திவிடுகிறோம்.

யாரும் ரகசியமாகக் கூடிச் சதி செய்து இதை முடிவுசெய்ததாக நான் நினைக்கவில்லை. புது வீட்டுக்குக் குடிபோகும்போது பழைய சாமான்களை யோசிக்காமல் லாரியில் ஏற்றிவிடுகிறோம் இல்லையா, அந்த மாதிரிதான். பழைய விண்வெளிக் கதைகளைப் படித்தால் இது நன்றாகத் தெரியும். ராக்கெட் இருக்கும், ஒளிக்கதிர்த் துப்பாக்கி இருக்கும், செவ்வாயில் நகரமே இருக்கும். அங்கேயும் பேராசிரியருக்கு ஒரு மகள் இருப்பாள். "அது என்ன அப்பா?" என்று கேட்பதுதான் அவள் வேலை. அவர் வாசகருக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டுமே! கதை ஆயிரம் வருடம் தள்ளி நடக்கும், வீடு மட்டும் பழைய வீடாகவே இருக்கும்.

இந்தச் சாமான்களை லாரியிலிருந்து இறக்கிப் பார்த்தவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. பெண்ணிய அறிவியல் புனைகதை என்று இதற்குக் கனமான ஒரு பெயர் இருக்கிறது. பெயர் கனம், வித்தை எளிது. உலகத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே விடு, என்ன நடக்கிறது என்று பார். ஒன்றை மட்டும் மாற்று. இதை நான் இன்னும் நாலு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 1905-ல் வந்தது. எழுதியவர் ரொக்கேயா சகாவத் ஹொசைன் என்ற வங்காளப் பெண். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. ஊர் தூங்கிய பிறகு அண்ணன் ரகசியமாக அவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். கணவர் பாகல்பூரில் அரசு அதிகாரி. அவர் வேலையாக வெளியூர் போயிருந்த சமயம், பொழுது போகாமல் ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார் ரொக்கேயா. 'சுல்தானாவின் கனவு' என்று பெயர். திரும்பி வந்த கணவர் அதை உட்காரக்கூட இல்லாமல் நின்றபடியே படித்து முடித்துவிட்டு, "பயங்கரமான பழிவாங்கல்!" என்றாராம். அந்தக் கதையை முதலில் அச்சேற்றிய பத்திரிகை எங்கிருந்து வந்தது தெரியுமா? சென்னையிலிருந்து. கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்'. இத்துறையின் ஆரம்பகாலக் கதைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அமெரிக்காவில் 1915-ல் வந்த ஷார்லட் பெர்க்கின்ஸ் கில்மனின் 'ஹெர்லாண்ட்' நாவலைத் தவறாமல் சொல்வார்கள். அதற்குப் பத்து வருடம் முன்பே நம் பக்கத்தில் ஒருவர் எழுதி, அது மெட்ராஸில் அச்சாகியும் விட்டது.

கதை என்ன? சாய்வு நாற்காலியில் கண்ணயரும் சுல்தானா, விழித்தால் வேறு ஒரு நாட்டில் இருக்கிறாள். பட்டப்பகல், தெரு முழுக்கக் கூட்டம், எல்லோரும் பெண்கள். முக்காடில்லாமல் வெளியே வந்துவிட்டோமே என்று இவளுக்குக் கூச்சம். தயங்கித் தயங்கி நடக்கிறாள். எதிரே வருகிறவர்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கூட வரும் தோழியிடம் கேட்கிறாள். "நீ ஆம்பிளை மாதிரி இருக்கிறாயாம்" என்கிறாள் தோழி. "ஆம்பிளை மாதிரியா? அப்படியென்றால்?" "ஆண்களைப் போலக் கூச்சப்படுகிறாயாம், பயப்படுகிறாயாம்."

இந்த இடத்தை நான் வகுப்பில் எத்தனையோ வருடம் வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இங்கேதான் சிரிப்பு வரும். பறக்கும் வண்டி வரும்போது யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள், இந்த ஒரு வரிக்கு வகுப்பே நிமிர்ந்து உட்காரும். ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறார். அந்த நாட்டில் வீட்டுக்குள் இருப்பவர்கள் ஆண்கள். அவ்வளவுதான். உடனே கூச்சம் ஆணின் பிறவிக்குணம் ஆகிவிடுகிறது. ஆண்களுக்கு ஊசியில் நூல் கோக்கிற பொறுமைகூடக் கிடையாது, அவர்களை நம்பிப் பூவேலையைக் கொடுக்க முடியாது என்று தோழி வெகு சாதாரணமாகச் சொல்வாள். "இந்த மிஷினெல்லாம் உனக்குப் புரியாது" என்று நாம் எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! அதே தொனி, அதே கரிசனம். ஆண்களுக்கு மூளை பெரிதாயிற்றே என்று சுல்தானா கேட்டால், யானைக்கு இன்னும் பெரிய மூளை, அதையே சங்கிலி போட்டுக் கட்டிவைக்கிறோமே என்று பதில் வருகிறது. சமையலறையைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது, பெண் ஒருத்தி வருகிறாள் என்று ஆண்களை அங்கிருந்து ஒதுங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

அந்தச் சமையலறையில் புகையும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள். மேகத்திலிருந்து நேரே தண்ணீர் பிடிக்க ஒரு பலூன் வைத்திருக்கிறார்கள். இரண்டும் பெண்கள் பல்கலைக்கழகங்களின் கண்டுபிடிப்பு. எதிரி நாடு படையெடுத்து, ஆண்களின் சேனை தோற்றபோது, கல்லூரித் தலைவி ஒருவர் இரண்டாயிரம் மாணவிகளோடு போய்ச் சேர்த்து வைத்த சூரிய ஒளியை எதிரிகள் மேல் திருப்பிவிட்டு ஜெயிக்கிறார். 1905-ல், பள்ளிக்கே போகாதவர் எழுதியது இது. சரி, ஆண்களை அடைத்து வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்று ஒரு மாணவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். தீராதுதான். ரொக்கேயா அதைத் திட்டமாகச் சொல்லவில்லை, பகடியாகச் சொன்னார். நிஜத் திட்டத்தைப் பிறகு கையில் எடுத்தார். 1911-ல் கல்கத்தாவில் எட்டு மாணவிகளோடு பெண்கள் பள்ளி ஒன்றை ஆரம்பித்தார்.

இன்னொரு சின்ன விஷயம், தலைப்புக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. சுல்தானா பார்த்த அந்தக் கனவு நாட்டுப் பெண்கள் அலுவலக வேலையை இரண்டே மணி நேரத்தில் முடிக்கிறார்கள். எப்படி என்று கேட்டால் தோழி கணக்குப் போடுகிறாள். ஓர் ஆண் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டு பிடிக்கிறான், ஒன்றுக்கு அரைமணி, ஆக ஆறு மணி நேரம் புகையாய்ப் போகிறது. ரொக்கேயா ஆங்கிலத்தில் எழுதிய சொல் 'சுரூட்'. அது நம்முடைய சுருட்டுதான். தமிழிலிருந்து கப்பலேறி ஆங்கிலத்துக்குப் போன சொல், ஒரு வங்காளப் பெண்ணின் பேனா வழியாக மெட்ராஸுக்கே திரும்பி வந்திருக்கிறது.

நேரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். விரல் இன்னும் வரவில்லை.

அடுத்து ஒரு புனைபெயர்க் கதை. தமிழில் அறிவியல் புனைகதை என்றதும் வாய் தானாகச் சொல்லும் பெயர் சுஜாதா. ரங்கராஜன் என்ற ஆண், மனைவியின் பெயரில் எழுதினார். இது நமக்குப் பழகிவிட்டது. அமெரிக்காவில் இதற்கு நேர் எதிராக ஒன்று நடந்தது. 1968 முதல் ஜேம்ஸ் டிப்ட்ரி ஜூனியர் என்று ஒருவர் அசத்தலான கதைகளை எழுதிவந்தார். யாரும் நேரில் பார்த்ததில்லை, எல்லாம் கடிதத் தொடர்புதான். இவர் பெண்ணாக இருக்குமோ என்று சிலர் பேசிக்கொண்டார்கள். 1975-ல் அவருடைய தொகுதி ஒன்றுக்கு முன்னுரை எழுதிய ராபர்ட் சில்வர்பெர்க் என்ற எழுத்தாளர், அது அபத்தம், இந்த எழுத்தில் இருக்கும் ஆண்தன்மை தப்பவே தப்பாது என்கிற ரீதியில் எழுதி, ஆண்தன்மையான எழுத்துக்குப் பேர்போன ஹெமிங்வேயையும் துணைக்கு அழைத்தார். இரண்டு வருடத்துக்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது. டிப்ட்ரி என்பவர் அறுபது தாண்டிய ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண்மணி. ராணுவத்தில் வான்வழிப் படங்களை ஆராய்ந்தவர், சி.ஐ.ஏ.வில் வேலை பார்த்தவர், உளவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். டிப்ட்ரி என்ற பெயரைக் கடையில் பார்த்த ஒரு மார்மலேட் பாட்டிலிலிருந்து எடுத்தாராம்! தான் ஏமாந்ததைச் சில்வர்பெர்க் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

டிப்ட்ரி 1973-ல் எழுதிய ஒரு கதையின் பெயரே 'ஆண்கள் பார்க்காத பெண்கள்'. கதை சொல்லும் ஆண், விமானத்தில் ஒரு தாயையும் மகளையும் கடந்து போகிறான். அவன் கண்ணுக்கு அவர்கள் மங்கலாகத் தெரியும் இரண்டு பெண் உருவங்கள், அவ்வளவுதான். கதை முடியும்போது அந்த இருவரும், இந்தப் பூமியில் இருப்பதைவிட மேல் என்று, முன்பின் தெரியாத வேற்றுக்கிரகவாசிகளோடு கிளம்பிவிடுகிறார்கள். அவனுக்குக் கடைசிவரை ஏன் என்று புரியாது. பெண்ணின் கதையைப் புரியாத ஆணின் வாயால் சொல்லவைத்தவர், ஆண் பெயரில் ஒளிந்திருந்த பெண்.

இனிமேல்தான் என் பைத்தியம் ஆரம்பம். 1969-ல் அர்சுலா லெ குவின் எழுதிய 'இருளின் இடது கை' என்ற நாவலில் ஒரு பனிக்கிரகம் வரும். அங்குள்ள மனிதர்கள் மாதத்தில் பெரும்பாலான நாட்கள் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. சில நாட்கள் மட்டும் ஏதாவது ஒன்றாவார்கள், எதுவாக ஆவோம் என்று அவர்களுக்கே தெரியாது. ஒரே ஆள் இரண்டு பிள்ளைக்குத் தாய், மூன்று பிள்ளைக்குத் தகப்பன். ஒன்றை மட்டும் மாற்று! பிள்ளை பெறும் வாய்ப்பு எல்லோருக்கும் உண்டு என்பதால், அதைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்க முடியாது. அங்கே போன நம் பூமித் தூதருக்கு மட்டும் பழக்கம் விடவில்லை. வம்பு பேசும் வீட்டுக்காரர் ஒருவரை மனசுக்குள் 'வீட்டுக்காரம்மா' என்றே வைத்துக்கொள்கிறார். எத்தனை பிள்ளை பெற்றீர்கள் என்று கேட்டால் அந்த ஆள் முகம் வாடிவிடுகிறது. பெற்றதே இல்லை, நான்கு பிள்ளைக்குத் தகப்பன் மட்டும்தான்.

இவர்களை எல்லாம் லெ குவின் 'அவன்' என்றே எழுதிவிட்டார். ஆங்கிலத்தில் அதுதான் பொதுச்சொல் என்றார். பலர் சண்டை பிடித்தார்கள். 1976-ல் ஒரு கட்டுரையில் தன் கட்சியை வாதாடினார். பத்து வருடம் கழித்து, அதே கட்டுரைக்குள் தன்னையே மறுத்துக் குறிப்புகள் எழுதிச் சேர்த்தார். இவ்வளவு வெளிப்படையாகக் கட்சி மாறிய எழுத்தாளர்கள் குறைவு.

தமிழில் நமக்கு இந்தக் கஷ்டமே இல்லை, 'அவர்' இருக்கிறதே என்பீர்கள். நானும் அப்படித்தான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாவலில் புகழ்பெற்ற ஒரு வாக்கியம் உண்டு, அரசர் கர்ப்பமாக இருக்கிறார் என்று. தமிழில் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பாருங்கள். அப்புறம் ஒருநாள் பழைய சிறுகதைத் தொகுதி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். "அப்பா வந்தார். அம்மா வந்தாள்." பக்கத்தைத் திருப்பினால், "தாத்தா சொன்னார், பாட்டி சொன்னாள்." அடுத்த கதையில் விஞ்ஞானி யோசித்தார், அவர் மனைவி கவலைப்பட்டாள். பென்சில் எடுத்து ஒவ்வொன்றாக வட்டம் போட ஆரம்பித்தேன். முப்பது பக்கத்துக்கு மேல் கை ஓடவில்லை. நம் 'ஆர்' விகுதிக்கு ஆண் பெண் தெரியாதுதான், ஆனால் மேலே கீழே தெரியும்! நானே எழுதிய பழைய கட்டுரை ஒன்றை எடுத்துப் பார்த்தேன். "என் தந்தை கற்றுக்கொடுத்தார், என் தாய் ஊக்கம் தந்தாள்." என் தாய்க்கு ஒரு 'ஆர்' கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. எழுதும்போது பாசமாகத்தான் எழுதினேன்.

2013-ல் ஆன் லெக்கி என்ற எழுத்தாளர் ஒரு நாவலில், எல்லோரையும் 'அவன்' என்ற லெ குவினின் வழியைத் தலைகீழாகச் செய்தார். அந்தப் பேரரசின் மொழியில் எல்லோரும் 'அவள்'. சிப்பாய், சர்வாதிகாரி, எல்லோரும். தமிழில் சொல்லிப் பாருங்களேன். தளபதி வந்தாள். எதிரி சுட்டாள். காவலாளி குறட்டை விட்டாள். ஒவ்வொரு வாக்கியத்திலும் மனசு ஒரு நொடி தடுக்கி விழும்...

விரல் வந்துவிட்டது. மூன்று இல்லை, இரண்டு காட்டுகிறார். நான் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

ஜோனா ரஸ் 1972-ல் எழுதிய ஒரு கதையிலிருந்து ஒரே ஒரு காட்சி. தொற்றுநோயில் ஆண்கள் எல்லோரும் இறந்து, பல நூறு வருடமாகப் பெண்கள் மட்டுமே வாழும் ஒரு கிரகம். வயல், தொழிற்சாலை, குடும்பம், சண்டை, எல்லாம் இருக்கிறது. பூமியிலிருந்து நான்கு ஆண்கள் வந்து இறங்குகிறார்கள். சுற்றிலும் பெண்கள் நின்றுகொண்டிருக்க, அவர்களில் ஒருவன் கேட்கிறான்: "உங்கள் மனிதர்கள் எல்லாம் எங்கே?"

கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் பற்றிப் பேச இரண்டு தாள் வைத்திருக்கிறேன், மடித்துவிடுகிறேன். ஆக்டேவியா பட்லரை மட்டும் விட மனசில்லை. 1984-ல் 'ரத்தப் பிள்ளை' என்று ஒரு கதை. ஆண் கர்ப்பமாவது பற்றி எழுத ஆசைப்பட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். வேற்றுக்கிரகத்தில் தஞ்சம் புகுந்த மனிதர்களின் உடம்பில் அங்குள்ள உயிர்கள் முட்டையிடுகின்றன. பெண்கள் மனிதக் குழந்தை பெற வேண்டியிருப்பதால் பெரும்பாலும் ஆண்களைத் தேர்ந்தெடுக்கின்றன. கான் என்ற பையனுக்கு இது பெரிய கௌரவம் என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். பிரசவத்தை அவன் படத்தில்தான் பார்த்திருக்கிறான். ஒருநாள் ஓர் ஆள் அவன் கண் முன்னால் பிரசவத்தில் அலறுகிறான், அதே இரவில் கான் சம்மதமா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். மறுத்தால் அவன் சகோதரி போக வேண்டியிருக்கும். அவன் என்ன சொல்கிறான் என்றால்...

சிவப்பு விளக்கே எரிந்துவிட்டது. நீங்களே தேடிப் படித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.