பழைய பக்கத்தை என்ன செய்வது?

வணக்கம் நண்பர்களே.

போன மாதம் ஒரு ராத்திரி, வேர்ட்பிரஸ் தளங்களைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணா, சைட் மொத்தமும் போயிடுச்சு. ஏதோ தீவிரப் பிழைன்னு ஒரு வரி மட்டும் வருது."

என்ன மாற்றினாய் என்று கேட்டேன். ஒரு விட்ஜெட் (பக்க ஓரத்தில் வைக்கும் சிறு பெட்டி) சேர்க்க நாலு வரி கோடு, இணையத்தில் கிடைத்த ஒரு வழிகாட்டியிலிருந்து எடுத்திருக்கிறார். அதில் கிரியேட்_ஃபங்க்ஷன் என்ற கட்டளை இருந்தது. வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி மொழியின் 7.2 பதிப்பிலேயே கைவிடச் சொல்லி, 8.0-இல் அடியோடு நீக்கிய ஃபங்க்ஷன் அது. அந்த வழிகாட்டி எழுதப்பட்ட நாளில் அதில் ஒரு பிழையும் இல்லை. நன்றாகவே எழுதியிருந்தார்கள். அப்புறம் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆவணங்களை, அதாவது இப்படிப்பட்ட வழிகாட்டிப் பக்கங்களை, சீர்செய்வோம் என்று கூடினால், புதிதாக என்ன எழுதலாம் என்றே எல்லோரும் பேசுகிறோம். ஏற்கெனவே கிடக்கும் பக்கங்களை என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் 2003-இல் வந்தது. அதன் ஆவணங்கள் பல வருடம் கோடெக்ஸ் என்ற விக்கியில் இருந்தன. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதனால்தான் அவ்வளவு வளர்ந்தது. நான் கற்றதும் அங்கேதான், அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் முதன்முதலாக வலைப்பதிவு தொடங்குபவருக்கான பக்கமும் பிளகின் (கூடுதல் வசதி சேர்க்கும் நிரல்) எழுதுபவருக்கான பக்கமும் ஒரே குவியலில் கிடந்தன. கோடு மாறிக்கொண்டே போகும், விக்கி நின்ற இடத்திலேயே நிற்கும்.

பிறகு பிரித்தார்கள். பயனர்களுக்கு ஓர் இடம், டெவலப்பர்களுக்கு ஓர் இடம். டெவலப்பர் பகுதியில் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஒவ்வொரு ஃபங்க்ஷனுக்கும் மேலே, கோடுக்குள்ளேயே, ஒரு குறிப்பு இருக்கும்: என்ன வாங்கும், என்ன திருப்பித் தரும், எந்தப் பதிப்பில் வந்தது. கோட் ரெஃபரன்ஸ் பக்கங்கள் அந்தக் குறிப்புகளிலிருந்து தானாக உருவாகின்றன. கெட்_கரன்ட்யூசர்இன்ஃபோ என்ற ஃபங்க்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். வேர்ட்பிரஸ் 0.71 பதிப்புக் காலத்துப் பழசு, 4.5-இல் கைவிடப்பட்டது. அதன் பக்கத்திலேயே, இதற்குப் பதிலாக டபிள்யூபி_கெட்_கரன்ட்_யூசரைப் பயன்படுத்துங்கள் என்று இருக்கும். அதற்காக யாரும் தனியாக ஒரு விக்கியைத் தேடிப்போய்த் திருத்த வேண்டியதில்லை. கோடைத் திருத்தும்போது, அதே கோப்பில், கையோடு எழுதிவிடலாம்.

எல்லாமே இப்படித் தானாக வராது. 2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 வந்து, பதிவைத் துண்டு துண்டாக அடுக்கி எழுதும் பிளாக் எடிட்டர் நுழைந்ததும், பதிவு எழுதுவது எப்படி என்று விளக்கிய ஸ்கிரீன்ஷாட்கள் பழசாகிவிட்டன. அவற்றை மனிதர்கள்தான் உட்கார்ந்து மறுபடி எடுக்க வேண்டும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். பேக்கப்பிலிருந்து தளத்தை மீட்பது எப்படி என்பது எங்களிடம் மூன்று இடத்தில் இருந்தது: கூகுள் டாக் ஒன்று, விக்கிப் பக்கம் ஒன்று, வாட்ஸ்அப் குழுவில் பின் செய்த மெசேஜ் ஒன்று. மூன்றிலும் கட்டளை வேறு வேறு. அதே தம்பியைச் சோதனை சர்வரில் உட்காரவைத்து, எழுதியிருப்பதை ஓர் எழுத்து மாறாமல் அடிக்கச் சொன்னோம். இரண்டு, பாதியில் நின்றன. அவற்றில் சொல்லியிருந்த ஃபோல்டர், சர்வர் மாற்றியபோதே போய்விட்டது. ஓடியதை மட்டும் வைத்துக்கொண்டோம். மற்றவற்றை அழிக்கவில்லை. உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, சரியான பக்கத்தின் லிங்க்கை அங்கே வைத்தோம். நாலு வருடத்துக்கு முந்தைய மெயிலில் யாரோ அந்த முகவரியை வைத்திருப்பார். அவசரத்தில் அதைத்தான் திறப்பார். கோடெக்ஸின் பல பக்கங்களும் இன்று இப்படித்தான், புதிய இடத்துக்கே கொண்டுபோய் விடுகின்றன.

தம்பியைக் கவிழ்த்த அந்த வழிகாட்டியை எழுதியவருக்கும் மறுநாளே மெயில் போட்டோம். ஒரு வாரத்தில் பக்கத்தின் தலைப்பிலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்: "பிஎச்பி 8-இல் இது ஓடாது, கீழே உள்ள புதிய கோடைப் பாருங்கள்."