அக்காவின் கத்தரிக்கோல்

நண்பர்களுக்கு வணக்கம். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் போன் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். "அப்படியா?", "நான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு பக்கம் மட்டும் காதில் விழும். மறுமுனையை நாமே இட்டு நிரப்பிக்கொள்வோம். ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டன் தன் அக்கா கஸாண்ட்ராவுக்கு எழுதிய கடிதங்களைப் படிப்பதும் அப்படித்தான். அக்கா போட்ட பதில்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஜேனின் கடிதங்களில் கிடைத்தவை மொத்தம் 160 சொச்சம். பாதிக்கு மேல் அக்காவுக்கு. முதலாவது, 1796 ஜனவரியில் அக்காவின் 23ஆவது பிறந்தநாளில் எழுதியது. 'இன்னும் 23 வருஷம் நீ இருக்கணும்' என்று வாழ்த்திவிட்டு, நேராக முந்தின நாள் நடன விருந்துக்குப் போய்விடுகிறார். டாம் லெஃப்ராய் என்ற இளைஞரோடு ஆடியிருக்கிறார். பையனிடம் ஒரே குறையாம், கோட்டின் நிறம் ரொம்ப வெளுப்பு! எழுதுகிறவருக்கு வயது 20.

அந்தக் காலத்தில் தபால் கூலியைக் கடிதம் பெறுகிறவர்தான் கொடுக்க வேண்டும். தாள் கூடினால் கூலியும் கூடும். அதனால் இடம் தீர்ந்ததும் தாளைத் தலைகீழாகத் திருப்பி, வரிகளுக்கு நடுவில் எழுதுவார் ஜேன். அக்காவின் காசை மிச்சம் பிடிக்கிற கைவேலை.

1813 ஜனவரி 29. ஜேனின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவல் அச்சாகி சாட்டன் கிராமத்து வீட்டுக்கு வந்துவிட்டது. 'என் செல்லக் குழந்தை லண்டனிலிருந்து வந்து சேர்ந்தது' என்று அக்காவுக்கு எழுதுகிறார். புத்தகத்தில் ஆசிரியர் பெயர் கிடையாது. புத்தகம் வந்த அன்றே, சாப்பிட வந்த பக்கத்து வீட்டம்மாவுக்கு முதல் பாகத்தில் பாதியைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். எழுதியவர் எதிரிலேயே இருக்கிறார். அந்த அம்மாவுக்குத் தெரியாது. இந்தக் குறும்பை முழுசாக ரசிக்கக்கூடியவர் அக்கா ஒருவர்தான், அவரோ ஊரில் இல்லை. கடிதம் கிடைத்தது நம் அதிர்ஷ்டம்.

சரி, கத்தரிக்கோலுக்கு வருகிறேன். 1840களில், தான் இறப்பதற்குச் சில வருஷம் முன்பு, கஸாண்ட்ரா பெரும்பாலான கடிதங்களை எரித்துவிட்டார். மிச்சத்தில் சிலவற்றை அங்கங்கே கத்தரித்தார். அவருக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை மேற்கிந்தியத் தீவுகளில் காய்ச்சலில் இறந்தது 1797இல். அந்த வருஷத்துக் கடிதம் ஒன்றுகூட இல்லை.

ஆய்வாளர்கள் கஸாண்ட்ராவைத் திட்டாத நாளில்லை. எனக்கு மனசு வரவில்லை. அவை அவருக்கு வந்த கடிதங்கள், நமக்கு வந்தவை அல்ல. தங்கையின் பெயரைக் காப்பாற்றத்தான் எரித்தார் என்பதையும் நான் அப்படியே ஏற்கமாட்டேன். ஒரு பெண்ணுக்கு ஏதோ பயத்தில் குழந்தை இறந்தே பிறந்தது. 'தெரியாத்தனமாகப் புருஷன் முகத்தைப் பார்த்திருப்பாள்' என்று ஜேன் அடித்த கொடூரமான ஜோக்கை அவர் விட்டுவைத்திருக்கிறாரே!

1817 ஜூலை 18 அன்று வின்செஸ்டரில் ஜேன் இறந்தார். அப்புறம்தான் அந்த மறுமுனைக் குரல் நமக்குக் கேட்கிறது, அண்ணன் மகள் ஃபேனிக்கு எழுதிய கடிதங்களில். 'அவள் என் வாழ்வின் சூரியன்' என்கிறார் கஸாண்ட்ரா. சவ ஊர்வலத்தோடு அவர் போகவில்லை. அந்தச் சிறிய கூட்டம் தெருவின் நீளமும் நடந்து, திரும்பி, கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துக்கொண்டே இருந்ததாக எழுதுகிறார்.