லிவ்-இன்னில் இருக்கிறீர்களா? வருமான வரி ரிட்டர்ன் போடும் முன் வாடகை அக்ரிமென்ட்டை எடுத்துப் பாருங்கள்

மக்களே, வணக்கம். வேளச்சேரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன். கையில் இருப்பது என் பேங்க் ஸ்டேட்மென்ட். மஞ்சள் மார்க்கர் போட்ட வரிகள் தெரிகிறதா? எல்லாம் நான் கார்த்திக்கு ஜிபேயில் அனுப்பிய பணம், மாதம் 14,000. போன வருடம் இதை எடுத்துக்கொண்டு மயிலாப்பூரில் ஓர் ஆடிட்டரிடம் போனேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, "இது வாடகைன்னு எப்படிம்மா காட்டுவ?" என்று கேட்டார். குறிப்பில் நான் போட்டிருந்தது ஒரு ஹார்ட் மட்டும்தான்.

நானும் கார்த்தியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மூன்று வருடமாகச் சேர்ந்து இருக்கிறோம். எங்களைப் போன்றவர்களுக்கு சென்னையில் வீடு கிடைப்பதே பெரும்பாடு. அதனால் அக்ரிமென்ட்டை யாராவது ஒருவர் பேரில் போட்டு வேலையை முடித்துவிடுகிறோம். எங்கள் வீடும் அவன் பேரில்தான் இருந்தது. 28,000 மொத்தமாக அவன் கணக்கிலிருந்து ஓனருக்குப் போகும், என் பாதியை நான் அவனுக்கு அனுப்புவேன். வீட்டுக்குள் கணக்கு நேர். காகிதத்தில் பார்த்தால் நான் வாடகையே கொடுக்காத ஆள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் புருஷன் பெண்டாட்டிக்கே கூட்டு ரிட்டர்ன் கிடையாது, ஆளாளுக்குத் தனி பேன் (வரித் துறை தரும் எண்), தனி ரிட்டர்ன். நீங்கள் யாரோடு இருக்கிறீர்கள் என்று அதில் சொல்ல வேண்டியதே இல்லை. அந்தப் பயம் வேண்டாம்.

சரி, எச்ஆர்ஏ, அதாவது சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப் படி, அதற்கான வரி விலக்குக்கு வருவோம். இது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். மாதம் என் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 40,000, எச்ஆர்ஏ 16,000. மூன்று தொகையைப் பார்ப்பார்கள்: வாங்கும் எச்ஆர்ஏ, சென்னை என்பதால் பேசிக்கில் பாதி, அதாவது 20,000, கொடுக்கும் வாடகையிலிருந்து பேசிக்கில் 10 சதவீதம் போக மீதி, எனக்கு 14,000இல் 4,000 போக 10,000. இதில் எது குறைவோ அதற்குத்தான் விலக்கு. ஆக எனக்கு வருடத்துக்கு 1,20,000. ஆதாரம் இல்லாததால் போன வருடம் அது மொத்தமும் போனது. நிஜமாகவே கொடுத்த வாடகை என்பதால் மனசு ஆறவில்லை.

இப்போது இரண்டு பேர் பேரும் அக்ரிமென்ட்டில் இருக்கிறது. அவரவர் பாதி அவரவர் கணக்கிலிருந்து நேராக ஓனருக்குப் போகிறது, ரசீதும் தனித்தனி. என் பங்கே வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் ஓனருடைய பேன் நம்பரையும் ஆபீஸில் கொடுக்க வேண்டும். இருவருமே முழு 28,000ஐக் காட்டினால் என்ன என்று மட்டும் யோசிக்காதீர்கள். அது பொய்க் கணக்கு. ஒரே ஓனருடைய பேனில் இரண்டும் வந்து நிற்கும்.

அப்புறம், பலருக்கும் தெரியாத விஷயம் இது. கணவனோ மனைவியோ எவ்வளவு பணம் கொடுத்தாலும் வாங்குபவருக்கு வரி இல்லை. லிவ்-இன் துணை அந்தச் 'சொந்தம்' பட்டியலிலேயே கிடையாது. ஒரு நிதியாண்டில் சொந்தம் அல்லாதவர்களிடமிருந்து அன்பளிப்பாக வந்த பணம் 50,000ஐத் தாண்டினால் முழுத் தொகையும் உங்கள் வருமானம், தாண்டிய மிச்சம் மட்டும் அல்ல. என் பழைய லேப்டாப் செத்தபோது கார்த்தி 65,000 அனுப்பினான். அன்பளிப்பு என்றால் 65,000க்கும் வரி. நல்லவேளை, அது கடன், ஐந்து தவணையாக நான் திருப்பி அனுப்பியது ஸ்டேட்மென்ட்டில் இருந்தது. அவனே கடையில் லேப்டாப் வாங்கிக் கையில் கொடுத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஆனால் நகை அப்படி இல்லை. 50,000 மதிப்பைத் தாண்டிய செயின் போட்டால் அதுவும் வருமானம்தான். புதிய முறைக்குப் போனாலும் இந்த விதி கூடவே வரும்.

வாடகையில் பாதியை ஈடுகட்டுவது அன்பளிப்பு ஆகாது, ஆனால் எதற்கான பணம் என்று தெரிய வேண்டும். அதனால் இப்போதெல்லாம் ஜிபே குறிப்பில் 'ஜூன் கரண்ட் பில் பாதி' என்று முழுசாக எழுதுகிறேன்.

கார்த்திக்கு நான் கட்டிய மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் என் வரிக் கழிவில் வராது. நான், கணவன், பிள்ளைகள், பெற்றோர், அத்தோடு பட்டியல் முடிந்தது. காய்ச்சல் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அவன்தான். அவனுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை என்பது எனக்கு வலிக்கிறது.

பழைய முறை வேண்டும் என்றால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட வேண்டும், எங்களைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு வழக்கமாக ஜூலை 31. தாமதமாகப் போட்டால் புதிய முறைதான், எச்ஆர்ஏ விலக்கு கிடையாது. வாடகையை இதுவரை ஒருவர் கணக்கிலிருந்தே கொடுத்துக்கொண்டிருந்தால், அடுத்த மாதத்திலிருந்தாவது பிரித்து அனுப்புங்கள். அக்ரிமென்ட் புதுப்பிக்கும்போது இரண்டு பேரையும் போடச் சொல்லி ஓனரிடம் கேளுங்கள். எங்கள் ஓனர் ஆன்ட்டி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.