75 கோடுகள், ஒரே திரை: எல்டிஸ்பைஸில் எந்தக் கோடு யார் வீட்டுக் கோடு?

[திரையில்: கறுப்புப் பின்னணி, அதன்மேல் பல வண்ணங்களில் பின்னிக் கிடக்கும் கோடுகள்]

இது இடியாப்பம் இல்லை. ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான் சர்க்யூட். ரெசிஸ்டருக்கு 5 மதிப்பு, கெப்பாசிட்டருக்கு 5, வெப்பநிலைக்கு 3. பெருக்கிப் பாருங்கள், 75 கோடுகள். சர்க்யூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்தான் எல்டிஸ்பைஸ். மதிப்பை மாற்றி மாற்றி ஓட்டும் ஸ்டெப் கட்டளையை அது மூன்று அடுக்கு வரை ஒன்றுக்குள் ஒன்றாக வைக்க விடுகிறது. விட்டால் நாம் சும்மா இருப்போமா? வைத்துவிட்டு, அப்புறம் திருதிருவென்று முழிப்போம்.

வரலாறு, ஒரே மூச்சில்: எல்டிஸ்பைஸின் மூதாதையான ஸ்பைஸ் 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது, அன்று அதன் வரைபடத்தை லைன் பிரின்டர் எழுத்துகளாலேயே அடித்துத் தந்தது. இரண்டு கோடுகள் ஒரே இடத்தில் மோதினால் அங்கே ‘எக்ஸ்’ என்று ஓர் எழுத்து விழும். எனக்கு அந்த எக்ஸ் மேல் தனிப் பிரியம். மோதல் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அதில் இருக்கிறது. இன்றைய வண்ணத் திரைகளுக்கு அந்த நேர்மை கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: கல்யாண மேடை, வரிசையாக நிற்கும் சொந்தக்காரர்கள்]

கல்யாண வீட்டில் போட்டோகிராபர் இரண்டு விதமாகக் கூப்பிடுவார். “பெரியப்பா வீடு மட்டும் வாங்க” என்றால் பெரியப்பா, பெரியம்மா, பிள்ளைகள் மேடை ஏறுவார்கள். “கசின்ஸ் எல்லாம் வாங்க” என்றால் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஓடி வருவார்கள். ஆட்கள் அதே ஆட்கள். முதல் படத்தில் அப்பா மூக்கு யாருக்கு வந்திருக்கிறது என்று தெரியும். இரண்டாவதில் யார் உயரம், யார் இன்னும் வளரவே இல்லை என்று தெரியும். (நான் இரண்டாவது ரகம், விடுங்கள்.) எல்லோரையும் ஒரே படத்தில் அடைத்தால்? பந்திக்கு முன்னால் நிற்கும் கூட்டம்.

கோடுகளும் அப்படித்தான். ஒரு ஸ்டெப், அதாவது ஒரு மதிப்புக்கான ஓட்டம், ஒரு வீடு. வோல்டேஜ், கரன்ட் எல்லாம் அந்த வீட்டு ஆட்கள். வீடு வாரியாகவா, கசின்ஸ் வாரியாகவா? இதை முடிவு செய்யாமல் மவுஸைத் தொடாதீர்கள்.

[திரையில்: 5 வோல்ட், 1 கிலோஓம், கெப்பாசிட்டர் 10 நானோ, 100 நானோ, 1 மைக்ரோ ஃபாரட்]

75 வேண்டாம், 3 போதும். காலியான கெப்பாசிட்டருக்கு 1 கிலோஓம் வழியாக 5 வோல்ட் கொடுக்கிறோம். அவுட் வோல்டேஜை, அதாவது கெப்பாசிட்டர் மேல் உள்ள வோல்டேஜை, மட்டும் போட்டால் எல்டிஸ்பைஸ் ஸ்டெப்புக்கு ஒரு நிறம் தருகிறது. மூன்று கசின்ஸ், மூன்று நிறம். மூவரும் 5 வோல்ட்டுக்குத்தான் போகிறார்கள். 3.16 வோல்ட்டைத் தொட ஒருவருக்கு 10 மைக்ரோசெகண்ட், அடுத்தவருக்கு 100, கடைசி சோம்பேறிக்கு 1 மில்லிசெகண்ட். அருமை.

இப்போது அதே பேனில் (வரைபடக் கட்டத்தில்) ரெசிஸ்டரின் கரன்ட்டையும் சேருங்கள். நிறத்தின் அர்த்தமே மாறிவிட்டது, கவனித்தீர்களா? இப்போது நிறம் சிக்னலுக்கு: வோல்டேஜ் மூன்றும் ஒரே நிறம், கரன்ட் மூன்றும் வேறொரு நிறம். எந்த ஸ்டெப் எது என்று நிறம் சொல்லாது. பலர் மணிக்கணக்கில் தடுமாறுவது இந்த இடத்தில்தான், திட்டு வாங்குவதோ பாவம் சர்க்யூட்.

மருந்து ஒரே ஒரு குறி: ‘அட்’. மின்னஞ்சல் முகவரியில் வருமே, அதேதான். டிரேஸின், அதாவது வரைந்த கோட்டின், பெயருக்குப் பின்னால் அதைப் போட்டு 2 என்று எழுதினால் இரண்டாவது ஸ்டெப் மட்டும் வரும். பிளாட் செட்டிங்ஸில் ‘ஆட் பிளாட் பேன்’ கொடுத்து மூன்று பேன் வையுங்கள். முதல் பேனில் ஒன்றாம் ஸ்டெப்பின் வோல்டேஜும் கரன்ட்டும், அடுத்ததில் இரண்டாவது, அதற்கடுத்து மூன்றாவது. வீடு வாரியாகப் படம் தயார்.

இப்போது பாருங்கள் வேடிக்கையை. மூன்று வீட்டிலும் கரன்ட் சரியாக 5 மில்லிஆம்பியரில்தான் தொடங்குகிறது! கெப்பாசிட்டர் பெரிதோ சிறிதோ, காலியாக இருக்கும் அந்தக் கணத்தில் 5 வோல்ட்டும் ரெசிஸ்டர் தலையில்தான். வோல்டேஜ் ஏற ஏற கரன்ட் இறங்குகிறது, ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். கசின்ஸ் படத்தை எத்தனை நேரம் பார்த்தாலும் இந்த ஜோடி கண்ணில் பட்டிருக்காது.

கரன்ட் தலைகீழாக, மைனஸில் வருகிறதா? பயப்படாதீர்கள், ரெசிஸ்டரைத் திருப்பி வைத்திருக்கிறீர்கள். 180 டிகிரி சுழற்றி மறுபடி ஓட்டுங்கள்.

டிரேஸ் பெயரைப் பிடித்து இழுத்தால் அடுத்த பேனுக்கு மாறும், கன்ட்ரோலை அழுத்தியபடி விட்டால் நகல் விழும். கர்சரை ஒரு கோட்டில் வைத்து மேல், கீழ் அம்புக்குறிகளை அழுத்தினால் ஸ்டெப் ஸ்டெப்பாகத் தாவும், கர்சர் மேல் ரைட் கிளிக் செய்தால் அது எந்த ஸ்டெப் என்று பெயரும் சொல்லும்.

ஜன்னலை மூடும் முன் ‘சேவ் பிளாட் செட்டிங்ஸ்’ கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நாளைக்கு மறுபடியும் இடியாப்பம்தான். உங்கள் திரையில் இதுவரை விழுந்த அதிகபட்சக் கோடுகள் எத்தனை? கமென்ட்டில் எண்ணை மட்டும் போடுங்கள். 75ஐத் தாண்டியவர்களுக்கு என் அனுதாபங்கள், அப்படியே ஒரு சப்ஸ்க்ரைப்.