உருளைக்கிழங்கில் பழகிய கை

(தெற்கு நியூ ஜெர்சியில் எங்கள் தமிழ் மன்றத்தின் ஆண்டு விழாவில் பேசியது)

மதிப்பிற்குரிய மன்றத் தலைவர் அவர்களே, பேசியே ஆக வேண்டும் என்று என்னை விடாமல் அழைத்த செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, தமிழ் தெரியாவிட்டாலும் காலையிலிருந்து நம்மோடு உட்கார்ந்திருக்கும் நகர மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, மத்தியானம் வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் போட்டு எங்களை உட்கார வைத்துப் பரிமாறிய மகளிர் அணிச் சகோதரிகளே, ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெரியவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். பொருளாளர் அவர்களுக்குத் தனி வணக்கம். பேச்சின் கடைசியில் அவரிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது.

வில்லி மாஸ்கோனியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். குச்சியால் பந்துகளை அடித்து மேசையின் குழிகளில் தள்ளும் பூல் ஆட்டத்தில் அவருக்கு ஈடு இல்லை என்று நம்புகிறவன் நான். பிறந்தது 1913-இல், டெலவேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஃபிலடெல்ஃபியாவில். காலமானது 1993-இல், இந்தப் பக்கம் நம் ஹேடன் ஹைட்ஸில். நம் பிள்ளைகள் பள்ளி போகும் சாலைகளில் நடந்தவர். அவர் கற்றது, அவர் ஆடிய விதம், அவருக்குப் பிறகு அந்த ஆட்டத்துக்கு நேர்ந்தது என்று மூன்று செய்திகள் சொல்வதாகச் செயலாளரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். இதை நான் எந்த மேடையிலும் சொல்லாமல் விட்டதில்லை. மாஸ்கோனியின் கதையைக் கேட்டால் ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

அவருடைய அப்பா பூல் கூடம் வைத்திருந்தவர். மேலே குடித்தனம், கீழே மேசைகள். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பையனுக்கு எந்த ஆசை வரும்? ஆனால் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. குடும்பத்தில் நாடக மேடைகளில் நடனமாடிப் பேர் வாங்கியவர்கள் இருந்தார்கள். மகனும் ஆடிப் பிழைக்கட்டும், இந்தச் சூதாட்டக்காரர் சகவாசம் வேண்டாம் என்று நினைத்தார். குச்சிகளையும் பந்துகளையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்.

இங்கே இருக்கும் அப்பாக்களைக் கேட்கிறேன். நாமும் பூட்டுகிறவர்கள்தானே? ஐபேடைப் பூட்டுகிறோம், டிவி ரிமோட்டை ஒளித்து வைக்கிறோம். பையன் என்ன செய்வான்? நம் பையனாக இருந்தால் அழுவான், அம்மாவிடம் சிபாரிசுக்குப் போவான். வில்லி அடுக்களைக்குப் போனான். அங்கே உருளைக்கிழங்கு இருந்தது. சின்னதாக, உருண்டையாக இருந்ததைப் பார்த்துப் பொறுக்கினான். துடைப்பக் கட்டையை எடுத்துக்கொண்டான். வீடு தூங்கிய பிறகு கீழே இறங்கிப் போய், மேசை மேல் கிழங்கை வைத்து, கட்டையால் குத்தினான்.

உருளைக்கிழங்கு நேராக உருளுமா? வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையில் ஒன்றை உருட்டிப் பாருங்கள். கண் இருக்கும் பக்கம் தட்டும், கனம் இருக்கும் பக்கம் சாயும், பாதி தூரம் போய்த் திரும்பிக்கொள்ளும். ஒவ்வொரு கிழங்குக்கும் ஒரு குணம். அதையே குழியில் தள்ளப் பழகிய கைக்கு, இழைத்து எடுத்த வழவழப்பான பந்து ஒரு பொருட்டா? துடைப்பக் கட்டையின் முனையில் தோல் கிடையாது, சாக்பீஸ் கிடையாது, வழுக்கும். அந்தக் கட்டையாலேயே இடம் பார்த்து அடிக்கப் பழகினான். ஒரு நாள் அப்பா கண்டுபிடித்தார். அடி விழுந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? மகனின் கையில் இருந்ததை அந்த அப்பா பார்த்துவிட்டார். தடுத்தவரே பிறகு ஊர் ஊராகக் கூட்டிப் போய் மகனை ஆட வைத்தார். 1919-இல், ஆறு வயதில், அன்றைய பெரிய ஆட்டக்காரர் ரால்ஃப் கிரீன்லீஃபோடு அந்தப் பையன் மேசையில் நின்றான். கிரீன்லீஃப்தான் ஜெயித்தார். ஆனால் மேசை உயரம்கூட இல்லாத பையனையும் அந்த வருஷம் உலகப் பட்டம் வென்றவரையும் ஒரே விதியில், ஒரே மேசையில் ஆட விட்ட விளையாட்டு அது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

சரி, ஆடிய விதம். நான் பார்த்தது அவர் முதுமையில், தொலைக்காட்சியில்தான். கோட்டு, டை, படிய வாரிய வெள்ளை முடி. ஒரு பந்து குழியில் விழும் சத்தம் கேட்பதற்குள் அடுத்த பந்துக்கு நடக்கத் தொடங்கிவிடுவார். யோசிப்பதே தெரியாது. குச்சியால் அடிக்கும் வெள்ளைப் பந்தை மேசை முழுக்க ஓட விடமாட்டார். இரண்டு சாண், மூன்று சாண் நகர்ந்து, அடுத்த அடிக்கு வசதியான இடத்தில் அது தானாக வந்து நிற்பதுபோல் நிற்கும். பக்கத்தில் இருந்த என் மாமனார், 'இவர் கஷ்டமாக ஒன்றுமே அடிக்கவில்லையே' என்றார். அந்த ஆட்டத்தின் சூட்சுமமே அதுதான். கஷ்டமான அடி வராதபடி முன்கூட்டியே பார்த்துக்கொள்கிறவர் அவர்.

பூலில் அவர் ஆண்டது ஸ்ட்ரெயிட் பூல் என்ற வகை. பதினைந்து பந்தில் பதினான்கைப் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் மேசையில் விட வேண்டும். பதினான்கையும் மறுபடி முக்கோணமாக அடுக்குவார்கள். மிச்சமிருந்த ஒன்றைக் குழியில் தள்ளும் அதே அடியில், வெள்ளைப் பந்து போய் அந்த அடுக்கைக் கலைக்க வேண்டும். தவறும் வரை ஆடலாம். 1954 மார்ச் 19 அன்று, ஒஹாயோவில் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில், எட்டடி மேசையில் மாஸ்கோனி தவறாமல் போட்டது 526 பந்து. முப்பத்தேழு முறைக்கு மேல் அடுக்கிக் கலைத்திருக்கிறார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பார்த்தவர்கள் கையெழுத்திட்டு உறுதிமொழிப் பத்திரமே எழுதிக் கொடுத்தார்கள். 2019 வரை அதிகாரபூர்வமாக அதை யாரும் தாண்டவில்லை. சித்திரமும் கைப்பழக்கம்!

1941-க்கும் 1957-க்கும் இடையில் பதினைந்து முறை உலகப் பட்டம். நடுவில் 1956-இல் பக்கவாதம் வந்து, அதிலிருந்தும் எழுந்து வந்து ஆடினார். மருத்துவர் ஐயா தலையசைக்கிறார், அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவருக்குத் தெரியும்.

பந்தயம் கட்டி ஏமாற்றிப் பிழைப்பவர்களை அவருக்குக் கட்டோடு பிடிக்காது. மினசோட்டா ஃபேட்ஸ் என்று பந்தயம் கட்டி ஆடும் ஒருவர், பேச்சிலேயே ஊரைக் கட்டிப் போட்டவர். 1978-இல் நியூயார்க் ஓட்டல் ஒன்றில் இருவரையும் ஆடவிட்டு நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஃபேட்ஸ் வாய் ஓயவில்லை. அறுபத்து நான்கு வயது மாஸ்கோனி அதிகம் பேசாமல் ஜெயித்துவிட்டுப் போனார். மரியாதையாக உடுத்தி, மரியாதையாக ஆடும் ஆட்டம் இது என்று காட்டுவதற்கே வாழ்நாளைச் செலவழித்த மனிதர். அவரை வைத்துச் சொல்கிறேன், இந்த ஆட்டம் பிள்ளைகளைக் கெடுக்காது.

இந்த வரியைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நம் மன்றக் கட்டடத்தின் பேஸ்மென்ட்டில் உடைந்த நாற்காலிகளும் பழைய மேடைத் திரைகளும் கிடக்கின்றன. அங்கே ஒரு பூல் மேசை போட வேண்டும் என்று செயற்குழுவில் நான் சொன்னபோது, 'கோயில் மாதிரி இருக்கும் இடத்தில் கிளப் ஆட்டமா' என்று கேட்டார்கள். இதன் உறவான ஸ்னூக்கருக்கு விதிகளை எழுதி மாட்டியதே நம் ஊட்டி கிளப்பில்தான், 1880-களில். நமக்கு அந்நியமான ஆட்டம் இல்லை இது.

டிசம்பர் வந்தால் ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாக்களை நினைத்துப் பாருங்கள். மகனும் மருமகளும் வேலைக்கு, பேரன் பள்ளிக்கு. வெளியே பனி. கார் ஓட்டத் தெரியாது. சாயங்காலம் பேரன் வந்தாலும் அவன் தமிழ் இவருக்குப் புரிவதில்லை, இவர் ஆங்கிலம் அவனுக்குப் புரிவதில்லை. கிரிக்கெட் ஆட முழங்கால் விடாது. எழுபது வயதுத் தாத்தாவும் பத்து வயதுப் பேரனும் சலுகை இல்லாமல் சமமாக நின்று ஆட எத்தனை விளையாட்டு இருக்கிறது? இதில் ஆடலாம். பேசாமலே ஒரு மணி நேரம் சேர்ந்து இருக்கலாம். பேசவும் தோன்றும், 'தாத்தா, இந்தப் பக்கம் அடிங்க' என்று அவன் சொல்ல வேண்டும் அல்லவா? நாப்பழக்கமும் அங்கேயே வந்துவிடும். தமிழ்ப் பள்ளிக்கு நாம் செலவழிப்பதில் ஒரு பங்கு போதும்.

மூன்றாவது செய்திக்கு நேரம் இல்லை என்று செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். மாஸ்கோனியின் 526 பந்துச் சாதனையைப் பின்னால் வந்தவர்கள் 626, அப்புறம் 714 என்று தாண்டிவிட்டார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பொருளாளர் அவர்களே, வீடு மாறுகிறவர்கள் பழைய மேசையை 'எடுத்துப் போனால் போதும்' என்று கொடுத்துவிடுகிறார்கள். அடியில் கல் பலகை இருப்பதால் தூக்கத்தான் செலவு. துணி மாற்றவும் குச்சி வாங்கவும் நானும் இன்னும் சிலரும் பணம் தருகிறோம். மன்றம் தர வேண்டியது இடம் மட்டும். அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டு வருகிறேன், வழிமொழிய ஓர் ஆள் வேண்டும். பின்வரிசையில் ஒரு பாட்டி கை தூக்கியிருக்கிறார். அம்மா, கூட்டம் முடிந்ததும் உங்கள் பெயரைச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.